எக்ஸ் என்பது எத்தனை குழி?
தீவகத்துப் பெண்களும் அட்சரகணிதமும்

நூற்றாண்டு மலருக்கு ஒரு கட்டுரை தாருங்கள் என்று மலர்க்குழுவினர் கேட்டபோது, விளையாட்டுப் போட்டிகளையும் கலைவிழாக்களையும் பற்றி எழுதப் பலர் இருப்பார்கள், கணக்கு வகுப்பைப் பற்றி எழுதத்தான் ஆள் கிடைக்காது என்று எண்ணி இத்தலைப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். கணக்கு என்றதும் எம்மில் பலருக்கு இன்றும் வயிற்றைக் கலக்குவது வசனக் கணக்குத்தான். கூட்டல், பெருக்கல், சமன்பாடு எல்லாம் செய்துவிடுவோம். ஆனால் நான்கு வரி வசனத்தைத் தந்து, அதற்குள் ஏக்கரையும் பேர்ச்சையும் அந்தரையும் இறாத்தலையும் கலந்துவிட்டால் பேனை நகராது. "எக்ஸ் என்று எதை எடுக்கிறது, ரீச்சர்?" என்ற கேள்வி எமது வகுப்பறைகளில் எத்தனை தலைமுறையாகக் கேட்டிருக்கும்!

அந்தக் கேள்வி பரீட்சையோடு முடிந்துவிடுவதில்லை என்பதைச் சென்ற ஆண்டு அறிந்தேன். என்னுடன் படித்த தோழி ஒருத்தி ரொறன்ரோவிலிருந்து தொலைபேசியில் அழைத்தாள். குரல் சரியாக இல்லை. அவளுடைய அம்மாவின் சீதன வளவை இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் பிரித்து எழுதும் ஏற்பாடு நடக்கிறது. தங்கை ஊரில் இருக்கிறாள். பழைய உறுதியில் "7 பரப்பு 9 குழி" என்று இருக்கிறது. முன்னொரு காலத்தில் அதில் 25 பேர்ச் விற்கப்பட்டிருக்கிறது. புதிதாகக் கீறிய நில அளவைப் படத்தில் 0.1265 ஹெக்டேயர் என்று போட்டிருக்கிறது. "ஏழரைப் பரப்பு எங்கே, பூச்சியம் தசம் ஒன்று எங்கே? மிச்சக் காணிக்கு என்ன நடந்தது? தங்கச்சியிடம் கேட்கவும் மனம் வரவில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை" என்றாள். காகிதமும் பேனையும் எடுத்து வரச் சொன்னேன். கால் மணிநேரத்தில் கணக்குச் சரிவந்தது. காணி ஒரு குழியும் குறையவில்லை. தங்கை எந்தக் களவும் செய்யவில்லை. மூன்று தாள்களும் மூன்று அலகுகளில் பேசியதுதான் சிக்கல்.

அந்தக் கணக்கைக் கட்டுரையின் பிற்பகுதியில் நாமும் செய்து பார்ப்போம். அதற்கு முன்பு, இந்த அலகுகளும் அந்த எக்ஸும் எமது தீவுகளுக்கு எப்படி வந்து சேர்ந்தன என்று பார்க்கலாம்.

விதையால் அளந்த நிலம்

ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு என்று கடலால் பிரிந்து கிடக்கும் எமது ஊர்களில் அளவைகளுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. கடற்றொழிலாளர் ஆழத்தைப் பாகத்தில் சொன்னார்கள். தெருத் தூரத்தைக் கட்டையில் சொன்னார்கள். அரிசியைக் கொத்திலும் சுண்டிலும் அளந்தார்கள். கருவாட்டையும் வெங்காயத்தையும் அந்தரிலும் இறாத்தலிலும் நிறுத்தார்கள். சீலையை யாரிலும் முழத்திலும் வெட்டினார்கள். ஒரே வீட்டில் ஒரே நாளில் ஐந்தாறு அளவைகள் புழங்கின. அவற்றுக்கிடையே மாறிப் பேசுவதில் எமது பாட்டிமார் யாரும் தடுமாறவில்லை.

எல்லாவற்றிலும் சிக்கலானது நில அளவைதான். யாழ்ப்பாணத்தில் நிலம் ஆதியில் நீள அகலத்தால் அளக்கப்படவில்லை, விதைக்கும் தானியத்தால் அளக்கப்பட்டது. குறித்த அளவு விதை எவ்வளவு நிலத்துக்குப் போதுமோ அதுவே அலகு. நெல்லும் வரகும் ஒரே மாதிரி விதைக்கப்படுவதில்லையாதலால் நெல்லுக்கு ஓர் அலகு, வரகுக்கு வேறோர் அலகு என்று வந்தது. ஆங்கில உறுதிகளிலும் பழைய அரசாங்க வர்த்தமானிகளிலும் "இலாச்சம்" என்ற சொல்லின் பின்னால் இரண்டு எழுத்துகள் குறுக்கமாகப் போடப்பட்டிருக்கும். அவை நெல் விதைப்பா, வரகு விதைப்பா என்பதைச் சொல்லும் எழுத்துகள். தமிழில் நாம் பரப்பு என்கிறோம்.

இரண்டுக்கும் பொதுவான சின்ன அலகு குழி. வளவுக்கும் தோட்டத்துக்கும் 18 குழி ஒரு பரப்பு. வயலுக்கு 12 குழி ஒரு பரப்பு. ஆகவே வளவுக் காணியில் 16 பரப்பு ஓர் ஏக்கர், வயற் காணியில் 24 பரப்பு ஓர் ஏக்கர். ஓர் ஏக்கருக்கு 160 பேர்ச் என்பதால், வளவுக் காணியின் ஒரு பரப்பு சரியாக 10 பேர்ச். சதுர அடியில் 2722.5. குழி ஒன்று 151.25 சதுர அடி. ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடாகிய தோம்பிலிருந்து இன்றைய உறுதி வரை இந்தச் சொற்கள் தொடர்ந்து வருகின்றன. அந்த ஒல்லாந்தர்தான் எமது தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப்பெயர்களை இட்டவர்கள். நெடுந்தீவுக்கு டெல்ஃப்ற், நயினாதீவுக்கு ஹார்லெம், புங்குடுதீவுக்கு மிடில்பேர்க் என்று பெயர் வைத்தார்கள். டெல்ஃப்ற் மாத்திரம் ஒட்டிக்கொண்டது, மற்றவை வரைபடத்தோடு போய்விட்டன. பரப்பையும் குழியையும் அவர்களாலும் மாற்ற முடியவில்லை.

இது பெண்பிள்ளைகளின் கணக்கு

காணிக் கணக்கு ஆண்களின் வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. எமது சட்டமே அப்படிச் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்து வழக்கங்களை ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் 1706, 1707ஆம் ஆண்டுகளில் எழுத்தில் தொகுத்தார். அதுவே தேசவழமை. ஆங்கிலேயர் 1806இல் அதற்குச் சட்ட வலு கொடுத்தார்கள். அதன்படி சொத்து முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று மூவகைப்படும். தாயின் சீதனம் பெண்பிள்ளைகளின் வழியே இறங்கிவந்தது. ஆகவே தீவகத்தில் பல வளவுகளின் உறுதிகள் பாட்டி, தாய், மகள் என்று பெண்களின் பெயரிலேயே தொடர்கின்றன.

உரிமை இருந்தது. கணக்கு இருந்ததா? 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச்சட்டத்தின்படி மணமான பெண்ணின் சொத்து அவளுக்கே உரிய தனிச்சொத்து. ஆயினும் அசையாச் சொத்தை விற்கவோ எழுதிக்கொடுக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். காணி அவளுடையது, உறுதியும் அவள் பெயரில் இருந்தது. உறுதியை வாசித்து "இது இவ்வளவு" என்று சொல்பவர் மாத்திரம் நொத்தாரிசாகவோ கணவனாகவோ தமையனாகவோ இருந்தார். எமது பாடசாலைகள் பெண்பிள்ளைகளுக்குக் கணக்குக் கற்பிக்கத் தொடங்கியதன் பொருளை இந்த இடத்தில் வைத்துத்தான் நான் பார்க்கிறேன்.

உலக வரலாற்றிலும் அட்சரகணிதத்துக்கும் சொத்துப் பங்கீட்டுக்கும் பழைய உறவு உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத்தில் வாழ்ந்த அல் குவாரிஸ்மி எழுதிய நூலின் தலைப்பில் உள்ள அல்ஜப்ர் என்ற சொல்லிலிருந்துதான் அல்ஜிப்ரா என்ற பெயர் பிறந்தது. அந்நூலின் ஒரு பெரும் பகுதி, இறந்தவரின் சொத்தை மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் எப்படிப் பங்கிடுவது என்ற வசனக் கணக்குகளே. தெரியாத பங்கைத் தேடிப் போன வழியில்தான் எக்ஸும் வளர்ந்தது.

எண்சுவடியிலிருந்து வீசகணிதத்துக்கு

திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எமது முன்னோர் படித்த கணக்கில் எழுத்து இல்லை. எண்சுவடி மனனம்தான் அடிப்படை. மாகாணி பதினாறில் ஒன்று, மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. இப்படிப் பின்னங்களுக்கெல்லாம் பெயர் இருந்தது. காரி நாயனார் செய்த கணக்கதிகாரம் போன்ற நூல்கள் நிலம், பொன், நெல் ஆகியவற்றின் கணக்குகளைச் செய்யுளில் சொல்லின. விடை காண உதவியது திரைராசிகம். மூன்று அளவுகள் தெரிந்தால் நான்காவதைக் காணும் விதி அது. வழி சுருக்கமானது, மனத்தால் செய்யலாம். ஆனால் ஒவ்வொரு வகைக் கணக்குக்கும் வேறு வேறு விதி. புதுவகைக் கணக்கு வந்தால் பழைய சூத்திரம் கைகொடுக்காது.

தெரியாததற்கு ஓர் எழுத்தை வைத்து, வசனத்தை அப்படியே கோவையாக எழுதும் முறை யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனரிமாரின் பள்ளிகள் வழியாகப் பரவியது. 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கியது. அடுத்த ஆண்டு, 1824இல், உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலையை ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் தொடங்கினார். வட்டுக்கோட்டையில் படித்துப் பின்பு அங்கேயே கற்பித்த கறல் விசுவநாதபிள்ளை 1855இல் "வீசகணிதம்" என்ற நூலைத் தமிழில் வெளியிட்டார். செமினரி மூடப்பட்டதும் அதே ஆண்டில்தான். அவரும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் என்பது நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் செய்தி. தமிழில் அட்சரகணித நூல் தந்தவர் அவர் என்பதை ஏனோ அவ்வளவாகச் சொல்வதில்லை.

வீசகணிதம் என்ற பெயரைப் பாருங்கள். பீஜம் என்றால் வித்து. மரம் முழுவதும் வித்துக்குள் ஒடுங்கியிருப்பது போல விடை முழுவதும் அந்த ஓர் எழுத்துக்குள் ஒடுங்கியிருக்கிறது என்ற எண்ணத்தில் வடமொழிக் கணிதர் இட்ட பெயர் அது. விதைப்பால் நிலத்தை அளந்த எமது ஊருக்குப் பொருத்தமான பெயர்தான். பின்னர் இலங்கையில் அட்சரகணிதம் என்ற பெயர் நிலைத்தது. தமிழ்நாட்டில் இயற்கணிதம் என்கிறார்கள். பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டுப் புத்தகம் வாங்கிக்கொடுத்த வெளிநாட்டுத் தோழியர் பெயரைக் கண்டு திகைக்க வேண்டாம், பாடம் ஒன்றுதான்.

பவுணும் சில்லிங்கும்

ஆங்கிலவழிக் கல்வி நடந்த காலத்தில் மேல்வகுப்புப் பிள்ளைகள் கேம்பிரிட்ச் சீனியர், இலண்டன் மெற்றிக்குலேசன் போன்ற பரீட்சைகளுக்கே ஆயத்தம் செய்தார்கள். பாடப்புத்தகங்களும் இங்கிலாந்திலிருந்து வந்தன. இதில் ஒரு வேடிக்கை உண்டு. இலங்கையின் ரூபா 1872இலேயே நூறு சதங்களாகிவிட்டது. இந்தியா அணாவையும் பைசையும் விட 1957 வரை காத்திருந்தது. ஆகவே எமது பிள்ளைகள் கடையில் சதக் கணக்குப் பார்த்து இலகுவாகச் சில்லறை வாங்கினார்கள். வகுப்பில் மாத்திரம் 12 பென்ஸ் ஒரு சில்லிங், 20 சில்லிங் ஒரு பவுண் என்று காணாத ஊரின் காசைப் பெருக்கினார்கள். காணாத ஊரின் ரயில் வண்டிகள் காணாத நகரங்களுக்கிடையே ஓடின. கட்டுமரமும் வத்தையும் கண்டு வளர்ந்த பிள்ளைக்கு வசனத்தைப் புரிந்துகொள்வதே பாதி வேலையாயிற்று.

இங்கே பெண்பிள்ளைகளுக்கு இன்னொரு தடையும் இருந்தது. எண்கணிதம் தனிப் பாடமாக இருந்த நாட்களில், வீட்டுக் கணக்குப் பார்க்க அது போதும், அட்சரகணிதமும் கேத்திரகணிதமும் பெண்ணுக்கு எதற்கு என்று சொல்பவர்கள் இருந்தார்கள் என்று மூத்த அக்காமார் கதைப்பதை நான் கேட்டிருக்கிறேன். 1945இல் வந்த இலவசக் கல்வி கட்டணம் என்ற கதவைத் திறந்தது. 1972ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தம் ஆண், பெண் என்ற வேறுபாடின்றி இடைநிலை வகுப்புகளில் கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் எல்லோருக்கும் பொதுவாக்கியது. எமக்குப் பின் படித்த தங்கைமாருக்கு "கணிதம் வேண்டுமா, வேண்டாமா" என்ற கேள்வியே எழவில்லை.

தாய்மொழியில் எக்ஸ்

1950களில் மேல்வகுப்புகளும் படிப்படியாகத் தாய்மொழிக்கு மாறின. அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற்களை ஆக்கியது. சமன்பாடு, கோவை, மாறி, தெரியாக்கணியம், விகிதசமன் என்ற சொற்கள் வகுப்பறைக்கு வந்தன. இச்சொற்கள் கடுமையானவை என்று குறைசொன்னவர்கள் உண்டு. ஆனால் வசனக் கணக்கைப் பொறுத்தவரை தமிழ் எமக்கு ஒரு பெரும் உதவி செய்தது.

"ஓர் எண்ணின் மும்மடங்கிலிருந்து 5ஐக் கழிக்க" என்று தமிழில் சொல்கிறோம். வாசித்த வரிசையிலேயே எழுதினால் போதும். முதலில் எண், பிறகு அதன் மும்மடங்கு, பிறகு கழித்தல் 5. ஆங்கிலத்தில் இதே கருத்தைச் சொல்லும்போது 5 பெரும்பாலும் முன்னால் வந்து நிற்கும். பிள்ளை 5இல் தொடங்கி எழுதிவிட்டுப் பிழைவிடும். தமிழிலும் "5ஐ ஓர் எண்ணின் மும்மடங்கிலிருந்து கழிக்க" என்று மாற்றிச் சொல்லலாம். அப்போதும் வழி தவறத் தேவையில்லை. "இலிருந்து" என்ற உருபு எந்தச் சொல்லில் ஒட்டியிருக்கிறதோ அது கோவையில் முன்னால் வரும். "ஐ" ஒட்டியது பின்னால் வரும். சொல் எங்கே நின்றாலும் வேற்றுமை உருபு அதன் வேலையைச் சொல்லிவிடுகிறது. தமிழ் வகுப்பில் உருபுகளை மனனம் செய்தபோது அது கணக்குக்கும் உதவும் என்று எமக்கு யாரும் சொல்லவில்லை. இன்று கணிதம் கற்பிக்கும் தங்கைமார் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கலாம்.

எல்லோரும் விடும் ஒரு பிழை

ஆனால் எந்த மொழியும் காப்பாற்ற முடியாத ஒரு பிழை உண்டு. ஒரு சின்னப் பரீட்சை வைக்கிறேன். "வளவுக் காணியில் 16 பரப்பு ஓர் ஏக்கர். பரப்பின் எண்ணிக்கை ப என்றும் ஏக்கரின் எண்ணிக்கை ஏ என்றும் கொண்டால், இரண்டையும் தொடர்புபடுத்தி ஒரு சமன்பாடு எழுதுக." மேலே வாசிக்குமுன் எழுதிப் பாருங்கள்.

16ப = ஏ என்று எழுதினீர்களா? பலரும் அப்படித்தான் எழுதுவார்கள். வசனத்தைப் பார்த்தால் "16 பரப்பு, ஓர் ஏக்கர்" என்று அப்படியே இருக்கிறது. ஆனால் 2 ஏக்கர் காணி ஒன்றை எடுத்துப் பொருத்திப் பாருங்கள். ஏ என்பது 2. பரப்போ 32. 16ஐ 32ஆல் பெருக்கினால் 512, அது 2க்குச் சமனாகுமா? சரியான சமன்பாடு ப = 16ஏ.

பிழை எங்கே? ப என்பதைப் "பரப்பு" என்ற சொல்லின் குறுக்கமாக எடுத்துவிட்டோம். அது சொல் அல்ல, எண். "எத்தனை பரப்பு" என்ற கேள்விக்கு விடையாக வரும் எண். சின்ன அலகில் அளந்தால் எண் பெரிதாக வரும், பெரிய அலகில் அளந்தால் எண் சிறிதாக வரும். ஆகவே 16 என்பது ஏக்கரின் பக்கத்தில்தான் நிற்க வேண்டும்.

இது தீவகத்துப் பிள்ளைகளின் பிழை மாத்திரம் அல்ல. 1980 அளவில் அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்க வந்த மாணவரிடம், "இங்கே பேராசிரியர்களைப் போல் ஆறு மடங்கு மாணவர் இருக்கிறார்கள், சமன்பாடு எழுதுக" என்று கேட்டுப் பார்த்தார்கள். மூன்றில் ஒருவருக்கு மேற்பட்டோர் பிழையாக எழுதினார்கள். பெரும்பாலோர் விட்ட பிழை நாம் மேலே விட்ட அதே பிழைதான். எனவே வெட்கப்பட ஒன்றுமில்லை. ஓர் எண்ணைப் போட்டுச் சரிபார்க்கும் பழக்கத்தை விட்டுவிட்டால்தான் வெட்கப்பட வேண்டும்.

தோழியின் உறுதி

இனித் தோழியின் கணக்குக்கு வருவோம். வளவு 7 பரப்பு 9 குழி. அதில் 25 பேர்ச் முன்பே விற்றாயிற்று. மிகுதியை அக்காவும் தங்கையும் பங்கிட வேண்டும். கிணறு அக்காவின் பக்கம் விழுவதால், தங்கைக்கு 6 குழி கூடுதலாகக் கொடுப்பதென்று பேச்சு.

முதல் வேலை எழுத்துப் போடுவது அல்ல, எல்லாவற்றையும் ஓர் அலகுக்குக் கொண்டுவருவது. இங்கே குழி வசதியானது. வளவுக் காணி என்பதால் பரப்புக்கு 18 குழி. 7ஐ 18ஆல் பெருக்க 126, அத்துடன் 9 கூட்ட 135 குழி. விற்றது 25 பேர்ச், அதாவது இரண்டரைப் பரப்பு, அதாவது 45 குழி. மிகுதி 90 குழி.

இப்போதுதான் எழுத்து. அக்காவின் பங்கிலுள்ள குழிகளின் எண்ணிக்கை க என்க. "அக்காவின் பங்கு க" என்று எழுதினால் போதாது. எந்த அலகில் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். தங்கையின் பங்கு க + 6 குழி. இரண்டும் சேர்ந்து 2க + 6. அது 90க்குச் சமன். ஆகவே 2க = 84, க = 42. அக்காவுக்கு 42 குழி, அதாவது 2 பரப்பு 6 குழி. தங்கைக்கு 48 குழி, அதாவது 2 பரப்பு 12 குழி. கூட்டிப் பார்த்தால் 5 பரப்பு. ஐந்து பரப்பு 50 பேர்ச், ஒரு பேர்ச் ஏறத்தாழ 25.29 சதுர மீற்றர், ஆகவே 1264.6 சதுர மீற்றர். ஒரு ஹெக்டேயர் 10,000 சதுர மீற்றர். நில அளவைப் படத்தில் 0.1265 ஹெக்டேயர் என்று போட்டிருந்தது இதையேதான். தோழிக்குக் குரல் தெளிந்தது.

பிறகு நான் அவளுக்கு இன்னொன்றையும் செய்து காட்டினேன். இதே உறுதியை வயற் காணியின் பரப்பு என்று தவறாக எடுத்திருந்தால் என்ன ஆகும்? 7ஐ 12ஆல் பெருக்கி 9 கூட்ட 93 குழி. விற்ற 45 குழியைக் கழிக்க 48. 2க + 6 = 48. க = 21. அக்காவின் பங்கு சரியாகப் பாதியாகிவிட்டது! அட்சரகணிதத்தில் ஒரு பிழையும் இல்லை. சமன்பாடு அதே சமன்பாடு. "பரப்பு" என்ற சொல்லுக்கு முன்னால் நிற்க வேண்டிய ஒரு சொல் விடுபட்டதன் விலை 21 குழி, மூவாயிரம் சதுர அடிக்கு மேல்.

ஆகாயத்தில் ஓர் அலகுப் பிழை

கனடாவில் வாழும் தோழியருக்கு ஒரு சம்பவம் தெரிந்திருக்கும். 1983 யூலை 23ஆம் திகதி, ஒட்டாவாவிலிருந்து எட்மன்ரனுக்குப் பறந்த எயார் கனடா விமானம் ஒன்றுக்கு நடுவானில் எரிபொருள் தீர்ந்து இரண்டு இயந்திரங்களும் நின்றன. கனடா மெற்றிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. பயணத்துக்கு வேண்டியது 22,300 கிலோகிராம். தாங்கியில் இருந்ததும் நிரப்பியதும் லீற்றரில் அளக்கப்பட்டன. லீற்றரை நிறையாக்கும்போது, லீற்றருக்கு ஏறத்தாழ 0.8 கிலோகிராம் என்று பெருக்குவதற்குப் பதிலாக, லீற்றருக்கு 1.77 இறாத்தல் என்ற பழைய எண்ணால் பெருக்கிவிட்டார்கள். வந்த விடை 22,300தான், ஆனால் இறாத்தல். தேவையானதில் பாதிக்கும் குறைவு. விமானிகள் விமானத்தை மிதக்கவிட்டு, கிம்லி என்ற இடத்தில் கைவிடப்பட்ட ஓடுபாதை ஒன்றில் இறக்கினார்கள். உயிர்ச்சேதம் இல்லை.

அங்கும் பெருக்கல் சரியாகத்தான் இருந்தது. எண்ணுக்குப் பக்கத்தில் அதன் அலகை எழுதி வைத்திருந்தால், லீற்றரும் லீற்றரும் வெட்டுப்பட்டு இறாத்தல் எஞ்சுவதைக் கண்ணே காட்டிக்கொடுத்திருக்கும். எமது ரீச்சர்மார் விடைக்குப் பின்னால் அலகு எழுதாவிட்டால் ஒரு புள்ளி குறைத்ததை அந்நாளில் அநியாயம் என்று முறையிட்டோம். அந்த ஒரு புள்ளியின் பெறுமதி இப்போது புரிகிறது.

பெட்டிக்குள் இருக்கும் தாள்

இலங்கையும் 1970களில் மெற்றிக் முறைக்கு மாறத் தொடங்கியது. அம்மா இறாத்தலில் கேட்க, பிள்ளை கிலோவில் வாங்கி வந்த நாட்கள் எமக்கு நினைவிருக்கின்றன. பின்பு 1990களின் தொடக்கத்தில் தீவகமே ஏறத்தாழ வெறுமையானது. வள்ளத்தில் ஏறியவர்கள் கையில் எடுத்துச் சென்றவற்றுள் உறுதிப் பெட்டியும் ஒன்று. அந்த உறுதிகள் இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் சிட்னியிலும் அலுமாரிகளுக்குள் இருக்கின்றன. எல்லைப் பனையும் வேலியும் இல்லாமற்போன வளவுகளுக்கு அந்தத் தாள்களிலுள்ள பரப்பும் குழியுமே சாட்சி. அவற்றை வாசிக்கத் தெரிந்த தலைமுறை குறைந்துகொண்டு வருகிறது.

ஆகவே இம்மலரை வாசிக்கும் ஒவ்வொருவரையும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டு உறுதியை ஒருமுறை வெளியே எடுங்கள். அதில் கைவைத்து எழுத வேண்டாம். தனித் தாளில், காணி வளவா வயலா, பரப்புக்கு எத்தனை குழி, எத்தனை பேர்ச், எத்தனை சதுர மீற்றர் என்று தெளிவாக எழுதி அதனுடன் சேர்த்து வையுங்கள். எழுதும்போது மகளையோ பேத்தியையோ பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள். அவள் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ கணிதம் படிப்பவளாக இருக்கலாம். எழுத்தைப் போட்டுச் சமன்பாட்டைத் தீர்க்க உங்களைவிட நன்றாக அவளுக்குத் தெரியும். ஆனால் குழி என்றால் என்னவென்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

வசனத்தை இரண்டு முறை வாசி, எல்லாவற்றையும் ஓர் அலகுக்குக் கொண்டுவா, தெரியாத எண்ணுக்கு எழுத்துப் போடு, விடையை வசனத்தில் வைத்துச் சரிபார். எமக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டியது இந்த நான்கு வரிதான்.